டாக்டரம்மா சொன்ன ஹைவ்ஸ்

ராணியம்மாவின் பெயர் ராணி இல்லை. கல்யாணமான புதிதில் அவள் கணவர் ஒரு தேனீப் பெட்டியைத் திறந்து காட்டினார். கூட்டத்தின் நடுவே நீளமாக நகர்ந்த ஒன்றைச் சுட்டி, "இவதான் ராணி. வெளி வேலை ஒண்ணும் செய்யமாட்டா. ஆனா இவ இல்லேன்னா வீடே கிடையாது," என்றார். "அப்ப நானும் ராணிதான்," என்று சொல்லிவிட்டு அன்று முழுவதும் அவள் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை. பெயர் ஒட்டிக்கொண்டது. சும்மா இருப்பதுதான் ஒட்டவில்லை. மறுநாள் காலையிலிருந்து அந்த வீட்டின் முக்கால்வாசி வேலை அவள் தலையில் விழுந்தது.

கணவரை ஊரில் தேன்காரர் என்பார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் அவருடைய பெட்டிகள் வரிசையாக நின்றன. அவர் தேன் எடுத்துக்கொண்டு வருவதோடு சரி. வடிகட்டுவது, பாட்டிலில் ஊற்றுவது, லேபிள் ஒட்டுவது, முன்னறையில் மேசை போட்டு விற்பது எல்லாம் ராணியம்மா. "சர்க்கரைப் பாகு கலந்திருக்குமோ?" என்று யாராவது கேட்டால், "சர்க்கரை விக்கிற விலைக்கு அதெல்லாம் கட்டுபடியாகாதுங்க," என்பாள். கேட்டவர் இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு போவார்.

அதோடு அவர் உடுப்பையும் அவள்தான் தோய்க்க வேண்டும். தேன் எடுக்கப் போகும்போது தலையிலிருந்து கணுக்கால்வரை மூடுகிற வெள்ளை உடுப்பு ஒன்று, முகத்துக்கு வலை வைத்த தொப்பி ஒன்று. திரும்பி வந்ததும் பின்வாசலில் கழற்றிப் போடுவார். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து உதறுவாள். செத்த தேனீக்களும் இறகுகளும் பொடிப்பொடியாக உதிரும். துணியில் கொடுக்குகள் முள்ளாக நிற்கும். அவற்றை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, பிசுக்குப் போகத் தேய்த்துத் துவைத்து, கொடியில் போடுவாள். காற்றில் அது கைகால் வீசிக்கொண்டு ஆடும்போது, "உங்கப்பாவ தொங்கவிட்டுட்டேன்," என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

தேன்காரருக்குத் தேனீ கொட்டுவது கொசுக்கடி மாதிரி. காதில் ஒன்று, விரலில் ஒன்று என்று வாங்கிக்கொண்டு வருவார். "கொட்டினா உடம்புக்கு நல்லது. முட்டிவலி அண்டாது," என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவார். பெற்ற பெண்ணைக் குறை சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார். தேனீயைச் சொன்னால் பொறுக்கமாட்டார்.

ராணியம்மாவுக்குத் தடிப்பு வர ஆரம்பித்தது ஒரு கோடையில். முதலில் முன்கையில். அப்புறம் கழுத்து, வயிறு, தொடை. தோல் சிவந்து, பணியாரம் மாதிரி உப்பி, அரிப்பு உயிரை எடுக்கும். சொறிந்தால் இன்னும் பரவும். சில மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் மறைந்துவிடும். "இது காணாக்கடி. கண்ணுக்குத் தெரியாத எதுவோ கடிச்சிருக்கு," என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்காரி. கட்டிலை வெயிலில் போட்டார்கள். முட்டையை நிறுத்தினார்கள். மீனை நிறுத்தினார்கள். தடிப்பு நிற்கவில்லை.

"என்னங்க, உங்க உடுப்பு தோய்ச்ச அன்னிக்குத்தான் வருது," என்று ஒருநாள் அவள் சொன்னாள்.

"சோப்பா இருக்கும். மாத்திப் பாரு."

மாற்றினாள். பூப்போட்ட உறையில் வந்த விலை கூடின சோப்பு. அப்படியும் தடிப்பு வந்தது. ஒரு நாள் உதடே வீங்கி, முகம் அடையாளம் தெரியாமல் போனபோதுதான் தேன்காரர் பயந்துபோய் அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த கிளினிக்கில் ஒரு டாக்டரம்மா புதிதாக வந்திருந்தார். ஊருக்குப் புதியவர், வயதும் சின்னது. ராணியம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஹைவ்ஸ்மா," என்றார். "ஹைவ்ஸ் எத்தனை நாளா இருக்கு?"

ராணியம்மாவுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. கணவரைத் திரும்பிப் பார்த்தாள். தேன்காரருக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் தேனீக்குள் அடங்கிவிடும். இளம் வயதில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனபோது கற்றுக்கொண்டது. பெட்டிக்கு ஆங்கிலத்தில் ஹைவ், பல பெட்டி என்றால் ஹைவ்ஸ். ஊரில் அவரைத் தெரியாதவர் கிடையாது என்பது அவர் எண்ணம். அதனால் டாக்டரம்மா தன் தொழிலைப் பற்றி மரியாதையாக விசாரிக்கிறார் என்றே எடுத்துக்கொண்டார்.

"இருபத்தஞ்சு வருஷமா இருக்குங்க."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "இருபத்தஞ்சு வருஷமாவா?"

"ஆமா. ஆரம்பத்துல ரெண்டே ரெண்டு. கொஞ்சம் கொஞ்சமா பெருகி இப்ப முப்பது."

"எண்ணிப் பார்த்தீங்களா!"

"எண்ணாம எப்படி? காலைல எழுந்ததும் முதல் வேலையே அதுதான்."

டாக்டரம்மா ராணியம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தார். இப்படி ஒரு புருஷனா என்று நினைத்தாரோ என்னவோ. "எந்தப் பக்கம் அதிகம்?"

"எல்லாம் பின்பக்கம்தான். வெயில் நல்லா படும்."

"வெயில் பட்டா கூடுதா?"

"பின்னே? வெயில்தானே அதுங்களுக்கு உயிரு."

டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சார், இத்தனை வருஷம் இப்படி விட்டுவெச்சது ரொம்பத் தப்பு. ஹைவ்ஸ் இருந்தா நிம்மதியே இருக்காது. ஒண்ணுகூட மிச்சம் இல்லாம போக்கிடணும்."

தேன்காரர் எழுந்துவிட்டார். ராணியம்மா அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. காது மடல் சிவந்துவிட்டது. "எதைப் போக்கணும்? ஒருத்தன் சோத்துல மண்ணைப் போடத்தான் டாக்டருக்குப் படிச்சீங்களா?" என்று கத்திவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே போனார். காத்திருந்த கூட்டம் வாயைப் பிளந்தது. டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டு மாத்திரையை எழுதி நீட்டினார். ராணியம்மா மாத்திரைச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, நல்ல மனுஷன்தான்," என்று சொல்லிவிட்டுக் கணவர் பின்னால் ஓடினாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் போட்டார்கள். மகள் வேறொரு ஊரில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறவள். அப்பா மூச்சுவிடாமல் நடந்ததைச் சொன்னார். மறுமுனையில் சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று ராணியம்மா பயந்தாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஹைவ்ஸ்னா உடம்புல வர்ற தடிப்புப்பா! அம்மாவுக்கு இருக்கே, அதுதான். உங்க பெட்டியை யாரு கேட்டா?"

"பெட்டிக்கும் ஹைவ்ஸ், தடிப்புக்கும் ஹைவ்ஸா? யாரை ஏமாத்தற?"

"எழுத்து ஒண்ணு, அர்த்தம் வேறப்பா. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. நம்மகிட்ட இல்லையா? படின்னா மாடிப்படி, அரிசி அளக்கிற படி, புத்தகத்தைப் படி. அது மாதிரி."

"அப்ப ஒரு தடிப்பு வந்தா ஹைவா?"

"இல்ல. ஒண்ணே ஒண்ணு வந்தாலும் ஹைவ்ஸ்தான். அதுக்கு ஒருமையில பேசற வழக்கமே இல்ல."

"அதென்ன, மரியாதைப் பன்மையா?" என்றாள் ராணியம்மா. "வந்துட்டாங்க, வீங்கிட்டாங்க, போயிட்டாங்கன்னு சொல்லணுமா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். தேன்காரர் சிரித்து முடித்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணை என்ன பேச்சு பேசிட்டேன்! இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போவேன்?"

"நான் போய் ஒரு பாட்டில் தேனைக் குடுத்து மன்னிப்புக் கேட்டுட்டு வரேன்," என்றாள் ராணியம்மா.

"வேணாம் வேணாம். விஷயம் தெரிஞ்சா இன்னும் கேவலம்."

அந்த ஒரு பாட்டில் தேன் கிளினிக் மேசைக்குப் போயிருந்தால் பிறகு நடந்தது நடந்திருக்காது. போகவில்லை.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. தடிப்பு குறைந்தது, தூக்கம் வந்தது. ஆனாலும் உடுப்பை உதறும்போதெல்லாம் ராணியம்மாவுக்குக் கண் எரிந்தது, தும்மல் வந்தது. அவள் மனசில் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. சாப்பிடும்போது கேட்டுப் பார்த்தாள். "என்னங்க, ஒருவேளை இந்தப் பூச்சிங்களாலயே எனக்கு வருதோ?"

தேன்காரர் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். "உம் பொண்ணே சொன்னாளே, அந்த ஹைவ்ஸுக்கும் இந்த ஹைவ்ஸுக்கும் சம்பந்தமே இல்லைன்னு!"

அதற்கு மேல் என்ன பேச? மெத்தப் படித்த மகள் சொன்ன வார்த்தை. ராணியம்மாவும் சமாதானமாகிவிட்டாள்.

அடுத்த அறுவடைக் காலத்தில் ஒரு நாள் முற்பகல். தேன்காரர் முதல் நாள் கழற்றிப் போட்ட உடுப்பு பின்வாசலில் கிடந்தது. அவர் மாற்று உடுப்பைப் போட்டுக்கொண்டு சரிவில் வேலையாக இருந்தார். ராணியம்மா உடுப்பைத் தூக்கி உதறினாள். கைமடிப்புக்குள் ஒரு தேனீ இன்னும் உயிரோடு இருந்திருக்கிறது. மணிக்கட்டின் உள்பக்கம் சுருக்கென்று கொட்டியது.

அவளுக்கு இது புதிதில்லை. எப்போதாவது ஒன்று கொட்டும். கடுகடுவென்று இருக்கும், மறுநாள் போய்விடும். வழக்கம்போல் நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எறிந்துவிட்டு வாளியை இழுத்தாள். உள்ளங்கை அரித்தது. உள்ளங்கால் அரித்தது. இதென்ன, செருப்புக்குள் அரிக்கிறதே என்று குனிந்தவளுக்குக் காதுக்குள் சூடாக ஏதோ ஏறியது. கழுத்தில், மார்பில், வயிற்றில் ஒரே சமயத்தில் தடிப்புகள் கிளம்புவதை அவளால் உணர முடிந்தது. "என்னங்க" என்று கூப்பிட்டாள். அது அவள் குரலாகவே இல்லை. யாரோ தலையணைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது.

தேன்காரர் தற்செயலாகத் திரும்பியபோது அவள் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலையைத் தூக்காமலேயே நடந்து வந்தார்.

"என்ன ஆச்சு?"

"கொ… கொட்டிடுச்சு."

"அட, அவ்வளவுதானா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் வாழ்நாள் முழுக்க மறக்கப்போவதில்லை.

சிரித்த வாய் மூடுவதற்குள் அவள் கால் மடங்கிக் கீழே சரிந்தாள். உதடு இரண்டும் தடித்து வெளியே தள்ளியிருந்தன. கண்கள் இடுங்கிப் போயிருந்தன. மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். ஆயிரக்கணக்கில் கொட்டு வாங்கின மனிதர். அவர் கண்ணெதிரே ஒரே ஒரு தேனீ, உடம்பில் பாதி உயிர்கூட இல்லாத ஒரு தேனீ, அவர் மனைவியைச் சாய்த்துவிட்டது. நம்ப முடியாமல் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு அவளை வாரி எடுத்து, தேன் டப்பாக்கள் ஏற்றும் வண்டியின் முன்சீட்டில் கிடத்தி, விரட்டினார்.

வெள்ளை உடுப்பும் வலைத்தொப்பியுமாக ஓர் உருவம் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குள் பாய்ந்ததைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் அலறி எழுந்தார்கள். ஒரு குழந்தை வீரிட்டது. சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டரம்மா முதலில் ராணியம்மாவைப் பார்த்தார். "இங்க படுக்க வைங்க. கால் ரெண்டையும் தூக்குங்க. அட்ரினலின், சீக்கிரம்!" நர்ஸ் ஓடினாள். தொடையில் ஊசி இறங்கியது. முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். மூச்சு வரவில்லை, வரவில்லை, பிறகு இழுத்துக்கொண்டு வந்தது. இன்னொரு ஊசி போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த விசில் சத்தம் அடங்கியது.

அப்போதுதான் டாக்டரம்மா நிமிர்ந்து அந்த உடுப்பைப் பார்த்தார். பிறகு வலைக்குள் இருந்த முகத்தை. ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீங்க… தேனீ வளர்க்கிறீங்களா?"

"ஆமாங்க. இந்த மாதிரி உடுப்பைத் தோய்க்கும்போதுதான் இவளைக் கொட்டிடுச்சு."

"அன்னிக்கு முப்பது இருக்குன்னு சொன்னீங்களே."

"பெட்டிங்க. நான் பெட்டியைச் சொன்னேன். நீங்க தடிப்பைத்தான் கேட்டீங்கன்னு அப்புறம் எம்பொண்ணு சொன்னா. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

டாக்டரம்மா பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ. நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டதுதான் சார் சரி. அந்தத் தடிப்பே உங்க பெட்டியிலேருந்துதான் வந்திருக்கு. தேனீ வளர்க்கிற வீடுன்னு தெரிஞ்சிருந்தா இவங்க அதைத் தோய்க்கிறதை முதல் நாளே நிறுத்தியிருப்பேனே! உங்க துணியில ஒட்டியிருக்கிற விஷம், தூசி, எப்பவாவது விழற ஒரு கொட்டு, இதெல்லாம் சேர்ந்து சேர்ந்து உள்ளுக்குள்ள பகையா மாறியிருக்கு. உங்களுக்குத் தினமும் கொட்டி உடம்பு பழகிடுச்சு. அவங்களுக்குப் பழகல." பிறகு திடுக்கிட்டவர்போல் எழுந்தார். "முதல்ல அந்த உடுப்போட வெளியே போங்க. அவங்க பக்கத்துல நிக்காதீங்க!"

தேன்காரர் தன் கையைப் பார்த்தார். அந்தக் கையால்தான் அவளை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அந்த உடுப்போடு. வெளியே போய்த் தெருவிலேயே அதைக் கழற்றினார். உள்பனியனும் கால்சட்டையுமாகப் படிக்கட்டில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க, வாய்விட்டு அழுதார்.

மகள் பறந்து வந்தாள். அவள் அழுகை வேறு மாதிரி இருந்தது. "நான்தானேம்மா சம்பந்தமில்லைன்னு சொன்னேன்."

"நாங்க இங்கிலீஷைக் கேட்டோம், நீ இங்கிலீஷைச் சொன்ன," என்றாள் ராணியம்மா. குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருந்தது. "அர்த்தம் கேட்ட இடத்துல வைத்தியம் கேட்டுட்டதா நாங்க நினைச்சுக்கிட்டோம். உன் மேல என்ன தப்பு?"

தேன்காரர் எல்லாப் பெட்டியையும் விற்றுவிடுவதாகச் சொன்னார். விலைக்கு ஆள்கூடப் பேசிவிட்டார். அதுதான் ராணியம்மாவை இரண்டாம் தடவையாக உலுக்கியது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"வித்துட்டு? நாள் பூரா என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பீங்களா? அந்தத் தொல்லைக்குத் தேனீயே தேவல. பெட்டியைத் தூரமாக் கொண்டுபோய் வைங்க. உடுப்பை அங்கேயே கழட்டுங்க. இனிமே உங்க துணியை நீங்களே தோய்ங்க."

அப்படியே நடந்தது. ஊருக்கு வெளியே ஒரு பழத்தோட்டக்காரர் இடம் கொடுத்தார். தேன்காரர் அங்கே ஒரு தகரக் கொட்டகை போட்டு, வேலை முடிந்ததும் குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். துவைக்கத் தெரியாமல் முதல் மாதமே ஒரு தொப்பியைக் கிழித்தார். பாட்டில் வேலைக்கு ஆள் வைத்தார்கள். ராணியம்மாவின் பையில் எந்நேரமும் ஓர் அட்ரினலின் ஊசி இருந்தது. ஜன்னல்களுக்கு வலை அடித்தார்கள். அப்படியும் ரீங்காரம் கேட்டால் அவள் இருந்த இடத்திலேயே உறைந்துவிடுவாள். முன்னெல்லாம் கையால் தட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தவள்.

டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த பெரிய டாக்டர் சொன்ன வைத்தியத்தைக் கேட்டு அவள் திகைத்துப் போனாள். தேனீ விஷத்தையே துளித்துளியாக ஊசியில் ஏற்றுவார்களாம். உடம்புக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார்களாம். "கொல்ல வந்ததையே கூப்பிட்டு விருந்து வைக்கச் சொல்றீங்களே," என்றாள். ஆனாலும் போனாள். முதலில் வாராவாரம், பிறகு மாதாமாதம், வருஷக்கணக்கில். பஸ்ஸில் தனியாகவே போய்வந்தாள். ஊசி போட்ட கை வீங்கிக்கொண்டு வரும். ஒரு தடவை மூச்சு முட்டி அங்கேயே படுக்க வைத்தார்கள். அடுத்த மாதம் போகமாட்டேன் என்று அழுதாள். போகவேண்டிய நாள் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கடைசியில் பெரிய டாக்டர் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட அதிர்ச்சி. உடம்பு தேறிவிட்டதா என்று பார்க்க ஒரே ஒரு வழிதான் உண்டாம். ஆஸ்பத்திரியில், எல்லா மருந்தும் தயாராக வைத்துக்கொண்டு, உயிருள்ள ஒரு தேனீயைக் கொட்டவிட வேண்டும். "உங்க வீட்டுக்காரர்கிட்டயே தேனீ இருக்குதில்ல? ஒண்ணு கொண்டுவரச் சொல்லுங்க," என்றார் சாதாரணமாக.

தேன்காரர் முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார். "என் கையாலயா? என்னால முடியாது. நான் மனுஷனா இல்லையா?"

"வேற யாரோ ஒருத்தர் வீட்டுப் பூச்சி கொட்டறதுக்கு நம்ம பூச்சியே கொட்டட்டும்," என்றாள் அவள்.

துளை போட்ட சின்ன டப்பாவில் ஒரு தேனீயோடு அவர்கள் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் அவர் அந்த டப்பாவை ஜன்னல் பக்கமாக, அவளுக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் அவள் கையில் மருந்து ஏற்றக் குழாய் பொருத்தினார்கள். இரண்டு நர்சுகள் நின்றார்கள். பெரிய டாக்டர் இடுக்கியால் தேனீயைப் பிடித்து அவள் முன்கையில் வைத்தார். தேன்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடுகள் எதையோ முணுமுணுத்தன.

கொட்டியது. ராணியம்மா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுக்கு தோலில் நின்றது. தேனீ துடித்தது. ஒரு நிமிஷம் விட்டு டாக்டர் எடுத்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். உள்ளங்கை அரிக்கவில்லை. காது சுடவில்லை. இரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் தலையாட்டினாள். மறுபடி பார்த்தாள், மறுபடி தலையாட்டினாள். நேரம் போகப்போக, கொட்டின இடத்தில் ஒரு நாணயம் அளவுக்குச் சிவப்பு. அவ்வளவுதான்.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் டாக்டர்.

"வலிக்குதுங்க," என்றாள் ராணியம்மா. சொல்லிவிட்டு ஆச்சரியத்தோடு தன் கையையே பார்த்தாள். "வெறும் வலிதான்."

தேன்காரர் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். நர்ஸ் போய்த் தோளைத் தொட்டுத் திருப்ப வேண்டியிருந்தது.